செங்குட்டைப்பாளையத்திலிருந்து தில்லி வரை

சேலத்திலிருந்து கிழக்கே ஆத்தூர் செல்லும் சாலையில் உள்ளது அயோத்தியாப்பட்டணம். அதன் சுற்றுவட்டாரத்தில் ஒரு வீட்டில் தறி ஓசையும் அடுத்த வீட்டில் மாட்டுக் கழுத்து மணியோசையும் கேட்பது இயல்பு. ஆய்வுக்காக இப்பக்கத்துச் சங்கங்களுக்கு நாம் செல்லும்போது, கணக்குப் புத்தகங்களை மூடிய பிறகு அங்கத்தினர்களோடு சிறிது நேரம் அமர்ந்து பேசி வருவது வழக்கம். அண்மையில் அவ்வாறு பேசிக்கொண்டிருந்த ஒரு மாலையில், மரவள்ளி பயிரிடும் பெரியவர் ஒருவர் நம்மிடம் ஒரு கேள்வி கேட்டார்.

"ஐயா, எங்களைப் போல் காட்டு வேலை செய்கிற குடும்பத்தில் பிறந்த ஒருவர் தில்லி வரைக்கும் போய் மந்திரியாகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதனால் எங்களுக்கு என்ன ஆகிவிடும்?"

அருகில் இருந்த நெசவாளர் ஒருவர், "மந்திரி யாரானால் என்ன, நூல் விலை இறங்கினால் சரி" என்று கூறவே எல்லோரும் சிரித்தார்கள். அன்று நாமும் சிரித்துவிட்டுச் சுருக்கமாக ஏதோ விடை கூறி எழுந்தோம். ஆனால் அக்கேள்வி சிரித்து ஒதுக்கத்தக்கதன்று. உழவர் குடும்பத்தில் பிறந்து, நாட்டின் உணவுப் பொறுப்பையே ஏற்ற ஒருவர் நம் கொங்கு நாட்டிலேயே இருந்தார். அவர் செய்தது யாது, அதற்கு அவர் கொடுத்த விலை யாது, அதிலிருந்து நம் சங்கங்கள் அறிந்துகொள்ள வேண்டுவது யாது என்பதை இக்கட்டுரையில் விளக்க முற்படுகிறோம்.

பிறப்பும் பொது வாழ்வும்

கோயமுத்தூர் மாவட்டம், பொள்ளாச்சி வட்டாரத்தில் செங்குட்டைப்பாளையம் என்னும் சிற்றூரில் 1910 ஆம் ஆண்டு ஜனவரி 30 ஆம் நாள் பிறந்தவர் திரு. சி. சுப்பிரமணியம். உழவர் குடும்பம். சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல் பயின்று, பின்னர் சட்டமும் கற்று, 1936 இல் கோவையில் வழக்கறிஞர் தொழிலை மேற்கொண்டார். 1942 ஆம் ஆண்டுப் போராட்டத்தில் சிறை சென்றார். நாட்டின் அரசியலமைப்பை வகுத்த அவையில் அவரும் ஓர் உறுப்பினர்.

ஏர் பிடித்தே அவர் காலம் தள்ளினார் என்று கூறினால் அது மிகையாகும். நம் பகுதியில் நிலமுள்ள குடும்பத்துப் பிள்ளைகள் பலர் படித்து வேறு தொழிலுக்குச் செல்வதைப் போன்றே அவரும் சென்றார். எனினும் உழவன் எதைக் கண்டு அஞ்சுவான், எதை நம்பி இறங்குவான் என்பதை அவர் மறக்கவில்லை. அவருடைய பிற்காலச் செயல்கள் அனைத்திற்கும் இதுவே அடிப்படை.

1952 முதல் 1962 வரை பத்தாண்டுகள் சென்னை மாநில அமைச்சராக இருந்தார். நிதி, உணவு, கல்வி ஆகிய பொறுப்புகள் வெவ்வேறு காலங்களில் அவரிடம் இருந்தன. 1954 இல் ராஜாஜி பதவி விலகியபோது கட்சித் தலைமைக்குக் காமராஜரை எதிர்த்துப் போட்டியிட்டுத் தோற்றார். வென்ற காமராஜர் தோற்றவரைத் தம் அமைச்சரவையிலேயே சேர்த்துக்கொண்டார். தோற்றவரும் மனக்கசப்பின்றி உடன் உழைத்தார். நம் சங்கத் தேர்தல்களில் தோற்றவர்கள் மறுநாளே சங்கத்தின் படியேறாமல் நின்றுவிடுவதைக் காணும்போது இந்நிகழ்ச்சி நம் நினைவுக்கு வருகிறது.

1962 இல் பொள்ளாச்சித் தொகுதியிலிருந்து மக்களவைக்குச் சென்று மத்திய அரசில் உருக்குத் துறை அமைச்சரானார். 1964 ஜூன் மாதத்தில் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி அவரிடம் உணவு, வேளாண்மைத் துறையை ஒப்படைத்தார். அரசியலில் முன்னேற விரும்பும் எவரும் அன்று விரும்பிக் கேட்காத துறை அது.

பஞ்சம் வாசலில் நின்ற காலம்

அத்துறை ஏன் அவ்வாறு அஞ்சப்பட்டது? அன்றைய இந்தியா தன் வயிற்றுக்குத் தானே விளைவித்துக்கொள்ள இயலாத நாடாக இருந்தது. அமெரிக்காவின் பி.எல். 480 என்னும் சட்டத்தின்கீழ் வந்த கோதுமையைக் கொண்டு நகரங்களின் பங்கீட்டுக் கடைகள் நடந்தன. 1964-65 இல் நாட்டின் மொத்த உணவுதானிய விளைச்சல் சுமார் 8 கோடியே 94 லட்சம் டன். அடுத்த ஆண்டு மழை பொய்த்தது. விளைச்சல் 7 கோடியே 23 லட்சம் டன்னாக வீழ்ந்தது. 1966 ஆம் ஆண்டில் மட்டும் 1 கோடி டன்னுக்கு மேல் தானியம் கப்பலில் வந்திறங்கியது. சாஸ்திரி அவர்கள் வாரத்தில் ஒரு வேளை உணவைத் துறக்குமாறு மக்களை வேண்டிக்கொண்டதை வீட்டுப் பெரியவர்கள் சொல்ல நாம் கேட்டிருக்கிறோம்.

இவ்வளவும் போதாதென்று, அமெரிக்க அரசு தானியத்தை மொத்தமாக அனுப்பாமல் மாதம் பார்த்து, மனம் பார்த்து அனுப்பத் தொடங்கியது. கடைக்காரர் நாள்தோறும் அரைப்படி அளந்து கொடுத்துக்கொண்டே, கடனாளியின் நடத்தையையும் கவனித்து வருவதைப் போன்றது இது. அந்நிலையில் உள்ள குடும்பத்தின் மானம் எப்படியிருக்குமோ அப்படித்தான் நாட்டின் மானமும் இருந்தது.

மூன்று கேள்விகள்

பணியில் சேர்ந்த புதிதில், ஒரு சங்கக் கூட்டத்தில் நாம் புதிய ரக விதை ஒன்றின் சிறப்பை நெடுநேரம் எடுத்துரைத்தோம். ஒருவரும் வாங்க முன்வரவில்லை. நமக்குச் சினம் உண்டாயிற்று. "நீங்கள் மாறவே மாட்டீர்கள்" என்று கடிந்துகொண்டோம். கூட்டத்தில் இருந்த ஓர் அம்மையார் அமைதியாகக் கேட்டார்: "விளையாமல் போனால் வட்டியை யார் கட்டுவது? நன்றாக விளைந்து விலை விழுந்தால் அப்போது யார் கட்டுவது?" நம்மிடம் விடை இல்லை. அறியாமை அவர்களிடம் இல்லை, நம்மிடமே இருந்தது என்பதை வீடு திரும்பும் வழியில்தான் உணர்ந்தோம்.

அந்த அம்மையார் கேட்டவற்றைத் தில்லியில் கோப்புகளின் நடுவே எழுப்பியவர் திரு. சுப்பிரமணியம். உழவன் பழமையில் ஊறியவன், ஆகவே மாறமாட்டான் என்று படித்தவர்கள் பலர் எண்ணியிருந்த காலம் அது. அவர் அதை ஏற்கவில்லை. கட்டுப்படியாகும் விலை உண்டா? நம்பத்தக்க விதை உண்டா? உரமும் கடனும் வேளைக்குக் கிடைக்குமா? இம்மூன்றுக்கும் விடை கிடைத்தால் உழவன் தானே மாறுவான் என்பது அவர் துணிபு.

விலைக்கு விடையாக, வேளாண் விளைபொருள் விலை ஆணைக்குழு 1965 ஜனவரியில் அமைக்கப்பட்டது. அதே மாதம் 14 ஆம் நாள் இந்திய உணவுக் கழகம் தோன்றியது. அதன் முதல் மாவட்ட அலுவலகம் நம் தஞ்சாவூரில் திறக்கப்பட்டது என்பது பலரும் அறியாத செய்தி. முன்கூட்டியே ஒரு விலையை அறிவிப்பது ஆணைக்குழுவின் பரிந்துரையைக் கொண்டு அரசு செய்வது. சந்தை அதற்குக் கீழே சென்றால் அந்த விலைக்கு வாங்கிக்கொள்வது கழகம் செய்வது. அறிவிப்பும் கொள்முதலும் வண்டியின் இரண்டு சக்கரங்களாகும். ஒன்று மட்டும் இருந்தால் வண்டி நகராது.

கடனுக்கும் உரத்துக்கும் கூட்டுறவுச் சங்கங்களே வழி. 1966 ஜனவரியில் உணவு, வேளாண்மை ஆகியவற்றோடு சமூக வளர்ச்சியும் கூட்டுறவும் ஒரே அமைச்சின்கீழ் அவரிடம் வந்தன. விதை ஓர் அலுவலகம், கடன் வேறோர் அலுவலகம் என்று உழவன் அலையும் நிலை குறைவதற்கு இது வழி செய்தது.

18,000 டன் விதை

இனி விதையைப் பற்றிச் சற்று விளக்கமாகக் கூற வேண்டும். நம் நாட்டுப் பழைய கோதுமை ரகங்கள் நெட்டையாக வளர்பவை. உரம் மிகுதியாக இட்டால் தண்டு நீண்டு, கதிரின் கனம் தாங்காமல் சாய்ந்துவிடும். நெற்பயிர் சாய்ந்து அழுகுவதைக் கண்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மெக்சிகோ நாட்டில் டாக்டர் நார்மன் போர்லாக் உருவாக்கிய குட்டை ரகங்களோ நிமிர்ந்து நின்று உரத்தைக் கதிராக்கின. கும்பகோணத்தில் பிறந்த டாக்டர் எம். எஸ். சுவாமிநாதனும் அவருடைய தோழர்களும் தில்லியில் இவற்றைச் சோதித்து, இந்திய மண்ணிலும் விளையும் என்று கண்டார்கள். சோதனைப் பண்ணையின் வேலியோடு நில்லாமல், சிறு விவசாயிகளின் நிலங்களிலேயே பயிரிட்டுக் காட்டினார்கள். அண்டை வயலில் விளைந்ததைக் கண்ணால் கண்டபின் நம்பாதவர் யார்?

1965 இல் 250 டன் விதை தருவிக்கப்பட்டது. ஏக்கருக்கு 40 கிலோ என்று கணக்கிட்டால் இது 6,250 ஏக்கருக்குத்தான் போதும். அதை விதைத்து, பெருக்கி, மீண்டும் விதைத்து நாடு முழுவதும் பரப்புவதற்குப் பல பருவங்கள் கழிந்துவிடும். பசித்த நாட்டிற்கு அவ்வளவு பொறுமை ஏது? ஆகவே 1966 இல் 18,000 டன் விதையை மெக்சிகோவிலிருந்து தருவிக்க முடிவு செய்தார்கள். அதே கணக்கின்படி இது 4,50,000 ஏக்கருக்குப் போதுமானது. ஒரே அடியில் காலம் சுருங்கியது.

இம்முடிவு எளிதில் எடுக்கப்பட்டதன்று. அன்னியச் செலாவணி அரிதாயிருந்த காலத்தில் அதை விதைக்கும் உரத்துக்கும் செலவிடுவதா என்று நிதி அமைச்சர் திரு. டி. டி. கிருஷ்ணமாச்சாரி எதிர்ப்புத் தெரிவித்தார். விலையை உயர்த்தினால் நகரத்து ஏழைகள் வாடுவார்கள் என்றனர் சிலர். அன்னிய விதையால் அன்னியருக்கு அடிமையாவோம் என்றனர் இடதுசாரிகள். வசதியுள்ள பெருவிவசாயிகளே பயனடைவர் என்றனர் பொருளாதார அறிஞர்கள் பலர். இவை யாவும் அற்பமான ஆட்சேபங்கள் அல்ல. இவற்றுள் சில பின்னாளில் உண்மையும் ஆயின. விதை பொய்த்திருந்தால் பழி முழுவதும் ஒருவர் தலையில் விழுந்திருக்கும். அவர் அதை அறிந்தே துணிந்தார். தில்லியில் தம் அரசு இல்லத்தைச் சூழ்ந்திருந்த நிலத்தை உழுது, அந்தக் கோதுமையை அங்கேயும் விதைத்தார். பிறருக்குக் கொடுக்கும் விதையைத் தன் காட்டிலும் விதைத்துப் பார்ப்பது உழவனின் நேர்மையன்றோ!

மற்றொரு குறையும் தோன்றியது. வந்த விதைகளுள் ஒன்றின் மணி செந்நிறமாயிருந்தபடியால் வாங்குவோர் அதை விரும்பவில்லை. நம் நாட்டு விஞ்ஞானிகள் அதே வழிவந்த பயிர்களிலிருந்து கல்யாண் சோனா, சோனாலிகா என்னும் பொன்னிற மணி ரகங்களைத் தெரிந்தெடுத்துத் தந்து அக்குறையைப் போக்கினார்கள்.

விதைத்தவருக்குக் கிடைத்த தீர்ப்பு

இடையில் 1965 பிப்ரவரியில் இந்தித் திணிப்பை எதிர்த்துத் தமிழ்நாடு கொந்தளித்தபோது, அவரும் திரு. ஓ. வி. அழகேசனும் மத்திய அமைச்சர் பதவிகளிலிருந்து விலகல் கடிதம் கொடுத்தார்கள். பின்னர் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள்.

1967 பிப்ரவரியில் பொதுத் தேர்தல் வந்தது. இரண்டாண்டு வறட்சியால் அரிசி கிடைப்பதே அரிதாயிருந்த நேரம். ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்பது எதிர்க்கட்சியான தி.மு.க.வின் வாக்குறுதி. உணவு அமைச்சராகிய திரு. சுப்பிரமணியம் கோபிசெட்டிபாளையம் தொகுதியில் தோற்றார். கையில் அரிசி இல்லாத குடும்பத்திடம் அடுத்த ஆண்டு வரப்போகும் விளைச்சலைப் பற்றிப் பேசிப் பயனில்லை. மக்கள் மீது இதில் குற்றமும் இல்லை.

அடுத்த பருவத்தில், 1967-68 இல், மழையும் ஒத்துழைத்தது. 1964-65 இல் 1 கோடியே 23 லட்சம் டன்னாக இருந்த கோதுமை விளைச்சல் 1 கோடியே 65 லட்சம் டன்னாயிற்று. பஞ்சாபில் மூட்டைகளை அடுக்கக் கிடங்கின்றிப் பள்ளிக்கூடங்களை மூடி அவற்றில் அடுக்கினார்கள். 1968 ஜூலையில் கோதுமைப் புரட்சியைக் குறித்து அஞ்சல் தலை வெளியிடப்பட்டது. 1970-71 இல் கோதுமை 2 கோடியே 38 லட்சம் டன்னை எட்டியது. தஞ்சையில் ஆடுதுறை 27, பின்னர் ஐ.ஆர். 8 முதலிய நெல் ரகங்களும் பரவின. விதைத்தவர் அறுவடையின்போது பதவியில் இல்லை.

அவர் வாழ்வு அத்தோடு முடிந்துவிடவில்லை. 1971 இல் நம் அண்டைப் பகுதியான கிருஷ்ணகிரித் தொகுதி அவரை மீண்டும் மக்களவைக்கு அனுப்பியது. திட்டம், தொழில் வளர்ச்சி, நிதி ஆகிய துறைகளை வகித்தார். அவர் நிதி அமைச்சராயிருந்த காலம் நெருக்கடி நிலைக் காலத்தையும் உள்ளடக்கியது என்பதை மறைப்பதற்கில்லை. அக்காலத்தில், 1975 அக்டோபர் 2 ஆம் நாள், முதல் கிராமிய வங்கிகள் திறக்கப்பட்டன. அவ்வழியில் வந்த தமிழ்நாடு கிராம வங்கிக்கு இன்று நம் சேலமே தலைமையிடம். 1979 இல், உழவர் நலனையே தம் அரசியலாகக் கொண்ட சவுத்ரி சரண்சிங் பிரதமரானபோது பாதுகாப்பு அமைச்சரானார். 1990 முதல் 1993 வரை மகாராஷ்டிர ஆளுநராயிருந்தார். 1998 இல் பாரத ரத்னா விருது அவருக்கு அளிக்கப்பட்டது. 2000 ஆம் ஆண்டு நவம்பர் 7 ஆம் நாள் சென்னையில் காலமானார்.

நம் காட்டுக்கு வந்ததும் வராததும்

அயோத்தியாப்பட்டணத்துப் பெரியவரின் கேள்வி இங்கேதான் கூர்மையடைகிறது. இப்புரட்சியால் நமக்கு என்ன வந்தது?

பஞ்ச பயம் நீங்கியது. நியாயவிலைக் கடையில் அரிசி வாங்கும் நெசவாளர் குடும்பத்திற்கும் அதில் பங்குண்டு. உணவுக்கே வருவாய் முழுவதும் போய்விடும் ஊரில் புதுத் துணி வாங்குவோர் யார்? ஆகவே வயலில் விளைந்தது தறிக்கும் உதவியது.

ஆனால் வராதவையும் உள. புதிய ரகங்கள் தண்ணீரை நம்பியவை. வாய்க்கால் பாசனம் உள்ள இடங்கள் செழித்தன. மானாவாரிக் காடுகள் பின்தங்கின. நம் சோளத்துக்கும் கம்புக்கும் கேழ்வரகுக்கும் அன்று கோதுமைக்குக் கிடைத்த கவனிப்பு கிடைக்கவில்லை. கிணறுகளின் நீர்மட்டம் இறங்கி, ஆழ்துளைக் கிணறுகளுக்குக் கடன் வாங்கியவர்களின் பெயர்களை நம் சங்கப் பேரேடுகளிலேயே காணலாம். உரத்தையே நம்பி மண்ணின் வளத்தை மறந்த குறையும் உண்டு.

விலையைப் பொறுத்தும் இதே நிலை. மத்திய அரசு ஆதரவு விலை அறிவிக்கும் பயிர்களின் பட்டியலில் சோளமும் கேழ்வரகும் நிலக்கடலையும் பருத்தியும் உள்ளன. எனினும் கொள்முதல் பெரும்பாலும் நெல்லுக்கும் கோதுமைக்குமே நடைபெறுகிறது. மரவள்ளி அப்பட்டியலில் இடம்பெறவே இல்லை. சேலத்தில் 1981 இல் ஏற்பட்ட சேகோசர்வ் என்னும் கூட்டுறவு அமைப்பு ஜவ்வரிசி, ஸ்டார்ச் உற்பத்தியாளர்களுக்கு விற்பனை வழி செய்து தந்தது. கிழங்கு பயிரிடுவோருக்கு அதற்கு ஒப்பான ஏற்பாடு வலுவாக அமையவில்லை. கிழங்கு விலை விழும் ஆண்டில் கடன் தவணை தவறுவது ஏன் என்பதற்கு இதைக் காட்டிலும் வேறு விளக்கம் தேவையில்லை.

சங்கங்கள் செய்ய வேண்டுவது

ஆகவே, நம்மவர் ஒருவர் உயர் பதவிக்குச் சென்றார் என்பதனாலேயே நமக்கு நன்மை விளைந்துவிடாது. திரு. சுப்பிரமணியம் உழவர் மகனாயிருந்தது மட்டும் போதுமானால், அவருக்கு முன்னும் பின்னும் தில்லிக்குச் சென்ற உழவர் மக்கள் பலராலும் அது நடந்திருக்க வேண்டும். உழவனின் கேள்வியை விடாமல் எழுப்பியதும், பலன் தம் காலத்திற்குப் பின் வந்தாலும் சரி என்று முடிவெடுத்ததுமே அவருடைய தனிச் சிறப்பு.

இவ்விரண்டும் நம் நிர்வாகக் குழுக்களுக்கும் பொருந்தும். ஒரு பயிரையோ புதிய நெசவு ரகத்தையோ அங்கத்தினர்களுக்குப் பரிந்துரைக்கும் முன் மூன்று கேள்விகளையும் கேட்க வேண்டும். பயிரிடுவோருக்கு விதை, கடன், விலை. நெசவாளருக்கு நூல், கூலி, விற்பனை. இவற்றுள் ஒன்று குறைந்தாலும் மற்ற இரண்டும் வீணாகும். நூலைக் கொடுத்து, நெய்த வேட்டி அலமாரியில் தேங்குமாயின் அச்சங்கம் அங்கத்தினருக்கு உதவியதாகாது.

இரண்டாவதாக, அடுத்த தேர்தலுக்குள் பலன் தெரியுமா என்று பாராது முடிவெடுக்க வேண்டும். கிடங்கு கட்டுவது, மழைநீரைத் தேக்கிக் கிணற்றுக்குச் சேர்ப்பது, காப்பு நிதியைத் தொடாமல் வளர்ப்பது ஆகியவற்றின் பலனை அடுத்த குழுதான் அனுபவிக்கும். கைத்தட்டலும் அவர்களுக்கே கிடைக்கும். கிடைக்கட்டும். தென்னை வைப்பவர் இளநீர்க் கணக்குப் பார்த்தா வைக்கிறார்?

அங்கத்தினர்களுக்கும் ஒரு கடமை உண்டு. வாக்குக் கேட்டு வருபவரிடம், அவர் எங்கள் ஊரா, எங்கள் உறவா என்று கேட்பதோடு நிறுத்தாமல், மரவள்ளிக்கு அடிப்படை விலை கிடைக்க என்ன செய்வீர்கள், மானாவாரித் தானியத்தை யார் கொள்முதல் செய்வார்கள், நூல் தட்டுப்பாட்டுக்கு என்ன வழி என்று கேட்க வேண்டும். கேள்வியை எழுதி மகாசபையில் தீர்மானமாக நிறைவேற்றி அனுப்பினால் அது இன்னும் நன்று.

அடுத்த முறை அச்சங்கத்திற்குச் செல்லும்போது பெரியவரிடம் இவ்விடையைக் கூற எண்ணியுள்ளோம். அவர் இதழைப் படித்துவிட்டு, மகாசபைக்கு ஒரு தீர்மானத்தின் நகலோடு நமக்காகக் காத்திருப்பாராயின், நாம் மிகவும் மகிழ்வோம்.